ஒளிப்பதிவு நாடாவும் மலைநாட்டு ஈரமும்

நமது கல்லூரியின் விழா மலரை அணிசெய்தற்பொருட்டுப் பழைய படங்களையும் பதிவுகளையும் திரட்டும் பணி, பழைய மாணவர் சங்கத்தாருள் எம்போன்ற சிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிழற்படங்கள் அதிகத் தொல்லையின்றி வந்து சேர்ந்தன. கண்ட மாத்திரத்தே இன்னார் இவர், இன்ன ஆண்டு இது என்று சொல்லிவிடக் கூடியதாயிருந்தது. ஒளிப்பதிவு நாடாக்களோ அத்தகையன அல்ல. நாடா கையிலிருக்கும், அதனுள் அடங்கியிருப்பதைக் காண்பதற்கு ஒரு பொறி வேண்டும். அப்பொறியை நம்மவர் 'டெக்' என்பர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இரவல் போன அந்த டெக்குகள் இன்று சாமான் அறைகளில் முடங்கிக் கிடக்கின்றன.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அம்மையார் ஒருவர் கசெட் ஒன்றைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அவருடைய தந்தையார் நம் கல்லூரியில் நீண்டகாலம் தமிழ் கற்பித்தவர்; இன்று நம்மிடையே இல்லை. 1988 ஆம் ஆண்டு வாணி விழாவில் அவர் ஆற்றிய உரை அந்நாடாவிலே உள்ளதென்றும், தந்தையின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்றும் அம்மையார் கூறினார். நுவரெலியாவிலிருந்த நண்பரொருவர் தம் வீட்டு டெக்கைத் தந்துதவினார். ஆடி மாதத்து மழைநாள் அது. இரவு முழுதும் குளிர்ந்த சாமான் அறையிற் கிடந்த டெக்கை, விடியற்காலையில் வேனில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுவந்தோம். மண்டபத்திலே நனைந்த குடைகளும், கூடியிருந்த மக்களும், ஒரு மூலையில் தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரும் இருந்தன. ஆவலால் உந்தப்பட்டு உடனே கசெட்டை உட்செலுத்தினோம். அது உள்ளே போயிற்று. அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. கசெட்டை வெளியே தள்ளுவதன்றி வேறு எந்தப் பொத்தானுக்கும் அப்பொறி இணங்கவில்லை.

அருகில் நின்ற மாணவர் ஒருவர், "சேர், மேல ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமா?" என்று கேட்டார். வானொலிப் பெட்டியைத் தட்டித் தட்டியே பாட வைத்த பரம்பரையில் வந்தவரல்லவா! ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தினோம். அதன்பின் நிகழ்ந்தவற்றையும், அவற்றிலிருந்து யாம் அறிந்துகொண்டவற்றையும் ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம். நம் அன்பர் பலரிடத்தும் இத்தகைய நாடாக்கள் இருக்கக் கூடும் என்பதே காரணம்.

முதலில் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். வீட்டில் வைத்துப் பயன்படுத்தத்தக்க ஒளிப்பதிவுப் பொறிகளுள் சோனி நிறுவனத்தாரின் பீட்டாமாக்ஸ் 1975 ஆம் ஆண்டிலும், ஜப்பானிய விக்டர் கம்பனியாரின் வீ.எச்.எஸ். 1976 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னதே ஈற்றில் நிலைபெற்றது. இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலும், ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாஹினியின் அஞ்சற் கோபுரம் நம் பிதுருதலாகலை மலையுச்சியிலேயே நின்றது. ஆயினும் மலையடிவாரத்து லயங்கள் பலவற்றுக்கு அந்நாளில் மின்சாரம் எட்டியிருக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் வைத்துப் பிரட்டுக்களத்திலே விடிய விடியப் படம் காட்டுவதே வழக்கமாயிருந்தது. பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்று மீண்ட நம் பெண்மக்கள் கொண்டுவந்த பொருள்களுள் டெக்கும் ஒன்றாயிற்று. அவ்வாறு வந்த பொறிகளே இன்று நமக்கு எஞ்சியுள்ளவற்றுட் பல.

இனி அப்பொறி நாடாவை எவ்வாறு ஏற்றுகின்றது என்பதைக் காண்போம். அதை அறியாதார்க்குப் பழுதின் இடம் புலப்படாது.

ஒலிநாடாக் கசெட்டிலே நாடா தன் கூட்டினுள் இருந்தபடியே ஓடும். தலை வந்து அதனைத் தொடும். ஒளிப்பதிவு நாடாவிலோ அவ்வாறன்று. இங்கே நாடாவைக் கூட்டினின்றும் வெளியே இழுத்து, 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள பளபளப்பான உருளை ஒன்றின்மேற் பாதிச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்ற வேண்டும். அவ்வுருளையின் மேற்பாதி, நம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கமைந்த பொறிகளில், நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். படத்தை வாசிக்கும் நுண்ணிய தலைகள் அதிலே பதிந்துள்ளன. நாடா நகரும் வேகம் வினாடிக்கு 23.39 மில்லிமீற்றர் மட்டுமே. ஓர் அங்குலத்துக்கும் குறைவு. ஆனால் தலைகளோ வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீற்றர் வேகத்தில் அந்நாடாவை உரசிச் செல்கின்றன. மூன்று மணிநேரக் கசெட்டில் 258 மீற்றர் நீளமான நாடா உண்டு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. இத்துணை மெல்லிய பொருளை இத்துணை விரைந்து சுழலும் உருளையோடு பொருத்தும் செயலையே நாடா ஏற்றம் என்கின்றோம்.

கசெட்டை வாயிலில் வைத்துத் தள்ளியதும் சிறு தொட்டில் போன்ற ஒரு சட்டம் அதனைத் தாங்கி உள்ளிழுத்துக் கீழே இறக்கும். இறங்கும்போது கசெட்டின் முன்மூடி திறந்து கொள்ளும். கசெட்டின் அடியில் நடுவே ஒரு துளை உண்டு. பொறியிலுள்ள சிறு விளக்கொன்று அதனுள் நுழைந்து நிற்கும். முற்காலத்துப் பொறிகளில் அது சாதாரண மின்குமிழ். பிற்காலத்தனவற்றிற் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரை உமிழ்வது. நாடாவின் இரு முனைகளும் ஒளி புகக்கூடிய தெளிந்த துண்டுகளாய் இருத்தலின், அவ்வொளி பக்கத்திலுள்ள உணரியைச் சென்றடையுமாயின் நாடா முடிந்துவிட்டது எனப் பொறி அறிந்து கொள்ளும். பின்னர் நாடாவின் பின்புறமாக நிற்கும் இரு சிறு தூண்கள், தமக்கென அமைந்த தடங்களில் நகர்ந்து, நாடாவைப் பற்றி இழுத்து உருளையின் இருபுறமும் கொண்டுபோய் நிறுத்தும். மேலிருந்து நோக்குவார்க்கு நாடாவின் பாதை ஆங்கில 'எம்' எழுத்துப்போலத் தோன்றும். இறுதியில் இறப்பர் உருளையொன்று நாடாவைச் சுழலும் தண்டோடு சேர்த்து அழுத்த, நாடா ஓடத் தொடங்கும். இவ்வளவும் சில வினாடிகளுள் நிகழ்வன. இவற்றைச் செய்வது ஒரு சிறு மோட்டர். பல பொறிகளில் அதன் விசையைப் பற்சக்கரங்களுக்குக் கடத்துவது ஓர் இறப்பர் பெல்ட். எந்தக் கட்டத்தில் நிற்கின்றோம் என்பதைப் பொறியின் மூளைக்கு அறிவிப்பது, பற்சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஓர் ஆளி. குறித்த நேரத்துள் குறித்த இடத்தை அடையவில்லையாயின், பொறி தன் முயற்சியைக் கைவிட்டு நாடாவைத் திரும்ப விட்டுவிடும், அல்லது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இதனைக் கண்டு பொறி 'செத்துவிட்டது' என்பார் பலர். உண்மையில் அது நாடாவைக் காக்கும் பொருட்டே அவ்வாறு ஒதுங்குகின்றது.

எம் டெக்கு மறுத்ததற்குக் காரணம் யாதெனில், ஈரம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹட்டன் அதனினும் ஏறத்தாழ 600 மீற்றர் தாழ்ந்தது. குளிர்ந்து கிடந்த இரும்பும் அலுமினியமும் ஹட்டன் மண்டபத்து வெம்மையான ஈரக்காற்றைச் சந்தித்தன. காற்றின் வெப்பம் 20 பாகை செல்சியசு, ஈரப்பதன் 80 சதவீதம் எனக் கொள்வோம். அக்காற்று ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளைத் தொட்டாலும் அதன்மீது நீரைப் படியவிடும். நம் பழைய மாணவருள் டீமேக்கராய் இருந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாட்டும் அறையில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்துப் பார்த்துக் கொழுந்தின் நிலையைத் தீர்மானித்தவர்கள் அவர்கள். ஸ்டோரிலே அத்துணை விழிப்பாயிருப்போர் வீட்டிலுள்ள டெக்கை ஈரத்தில் விட்டுவிடுவதுதான் வியப்பு!

உருளையும் நாடாவும் ஒன்றையொன்று உரசினும், அவற்றினிடையே மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நின்று உராய்வைக் குறைக்கின்றது. அவ்விடத்தில் நீர் படிந்திருந்தால் நாடா உருளையோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான இரு கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர் இதனை உணர்வர். ஒட்டிய நாடாவைச் சுழலும் உருளை இழுத்துச் சுற்றிக் கசக்கிவிடும். இதனைத் தடுக்கவே பல டெக்குகளில் உருளைக்கு அருகிற் பனியுணரி என்ற சிறு உறுப்பை வைத்துள்ளனர். ஈரம் பட்டதும் அதன் மின்தடை மாறும். உடனே பொறி, கசெட்டை வெளியே விடுவது தவிர்ந்த ஏனைய எல்லாவற்றையும் மறுத்துவிடும். எம் டெக்கிலும் அவ்வுணரி இருந்தது. இல்லாத பொறியாய் இருந்திருப்பின் ஆசிரியரின் குரல் அன்றே அழிந்திருக்கும். மலைநாட்டிற் டெக்கை இடம்மாற்றுவோர், அதனைப் புதிய இடத்திலே கசெட் இன்றி மின் இணைப்புக் கொடுத்து இரண்டு மணிநேரமாவது இயங்க விட்டுவிட வேண்டும். உள்ளிருந்து எழும் மென்சூட்டில் ஈரம் தானே உலரும். கசெட்டையும் அதே அறையில் அவ்வளவு நேரம் வைத்திருத்தல் வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் வெப்பக்காற்றை ஊதுவது தகாது. அடுப்பங்கரையில் வைப்பது அதனினும் தகாது.

நண்பகல்வரை காத்திருந்து மீண்டும் முயன்றோம். அதற்கு முன்னர் எமது பெருந்தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரேயொரு பிரதியாகிய அந்த அரிய நாடாவைக் கொண்டா முதற் சோதனை செய்திருக்க வேண்டும்? இம்முறை யாருக்கும் பயனற்ற ஒரு பழைய திரைப்படக் கசெட்டை இட்டோம். மோட்டர் முனகியது; தூண்கள் நகரும் ஓசை கேட்டது; பாதி வழியில் ஓசை நின்று, பொறி நாடாவைத் திரும்ப விட்டுவிட்டது. ஈரம் நீங்கியபின் அதன் பின்னே மறைந்திருந்த இரண்டாவது பழுது வெளிப்பட்டது.

மின் இணைப்பை நீக்கி, மேல்மூடியைக் கழற்றினோம். இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். மின்வழங்கிப் பகுதியில் 230 வோல்ற்று நேரே வருகின்றது. இணைப்பை நீக்கிய பின்னும் அங்குள்ள கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலின் அப்பகுதியை அறியாதார் தொடலாகாது. மற்றையது சிறியதாயினும் பலரைக் குழப்புவது. மூடியைத் திறந்து வைத்துப் பிரகாசமான விளக்கின் கீழோ வெயிலிலோ பொறியை இயக்கினால், அவ்வொளி உணரிகளை எட்டி நாடா முடிந்துவிட்டதென்ற பொய்ச் செய்தியைக் கொடுக்கும். நல்ல பொறியும் அப்போது நாடாவை ஏற்க மறுக்கும். மங்கிய ஒளியிற் பார்ப்பதே சரி.

தூண்கள் நகரும் தடங்களில் இட்டிருந்த கிறீஸ் பல்லாண்டுகளில் இறுகிப் பலாப்பிசின் போலாகியிருந்தது. குளிரில் அது மேலும் இறுகும். இதே டெக்கு கொழும்பில் ஒருவேளை ஓடியிருக்கவும் கூடும். பெல்ட்டோ தளர்ந்து, உட்புறம் கண்ணாடிபோல வழுவழுப்பாய் இருந்தது. இறுகிய தடமும் வழுக்கும் பெல்ட்டும் சேர்ந்தால் தூண்கள் எங்ஙனம் உரிய நேரத்தில் உரிய இடத்தை அடையும்? பழைய கிறீஸைப் பஞ்சு சுற்றிய குச்சியால் முற்றாக நீக்கி, பிளாஸ்ரிக்கைக் கெடுக்காத மென்கிறீஸைச் சிறிதளவே தடவினோம். பெல்ட்டைச் சில நிமிடம் வெந்நீரில் இட்டெடுத்தால் அது சற்றுச் சுருங்கிப் பிடிப்புப் பெறும் என்பது தொழில்வல்லார் கையாளும் உபாயம். அவ்வாறே செய்தோம், சோதனைக்கு அது போதுமாயிற்று. பின்னர் ஹட்டன் நகரத்துப் பழுதுபார்க்கும் கடையொன்றிற் கழிக்கப்பட்டுக் கிடந்த டெக்கிலிருந்து பொருத்தமான பெல்ட் ஒன்று கிடைத்தது. சந்தையில் வாங்கும் இறப்பர் வளையத்தைப் பெல்ட்டுக்குப் பதிலாக இடுவோர் உளர். அது இழுபட்டு நீண்டு, நாடா பாதி வெளியே நிற்கும் வேளையிற் கைவிட்டுவிடும்.

பிற குறைகளையும் சுருங்கக் கூறுவோம். கசெட் வாயிலைத் தாண்டவே மறுக்குமாயின், சிறுவர் இட்ட நாணயமோ விளையாட்டுப் பொருளோ உள்ளே கிடக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். முன்னொருவர் வலிந்து தள்ளியதால் தொட்டிற் சட்டம் ஒருபுறம் சாய்ந்திருப்பதும் உண்டு. பழைய பொறிகளில் நடுவிளக்கு எரிந்துபோயிருந்தாலும் பொறி நாடாவை ஏற்காது. ஒருமுறை ஏற்று மறுமுறை மறுத்து, ஒழுங்கின்றி நடந்துகொள்ளுமாயின், நிலையறிவிக்கும் ஆளியில் அழுக்குப் படிந்திருக்கலாம். நாடா முழுவதும் ஏறிச் சில வினாடி ஓடியபின் நின்றுவிடுவதாயின் குறை ஏற்றத்தில் இல்லை. நாடாவைச் சேர்த்துச் சுற்றும் சுருள் திரும்பவில்லை என்பது பொருள். அச்சுருளை உருட்டும் இறப்பர் தேய்ந்திருக்கும். இக்குறையுள்ள டெக்கே நாடாவைத் 'தின்னும்' டெக்.

நாடா உள்ளே சிக்கிக்கொண்டால் என் செய்வது? கசெட்டைப் பற்றி இழுப்பது ஒன்றே செய்யத்தகாதது. மின்னை நீக்கி, மூடியைக் கழற்றி, நாடா ஏற்றும் மோட்டரின் தண்டை விரலால் மெல்ல மெல்லத் திருப்பினால், தூண்கள் வந்த வழியே பின்வாங்கும். தொய்ந்து கிடக்கும் நாடாவைச் சுருளைத் திருப்பிக் கசெட்டினுட் சேர்த்துக்கொண்டே, தூண்கள் முற்றாகப் பின்வாங்கும்வரை திருப்ப வேண்டும். தண்டைப் பல நூறு முறை திருப்ப நேரலாம். பொறுமையில்லாதவர் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நலம். நாடாவின் பளபளப்பான முகத்தை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை அதிலே தங்கும்.

பொறி செம்மையானதும் நாடாவை நோக்கினோம். கசெட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெளிச்சத்திற் பார்த்தபோது, சுருளின் விளிம்பில் வெண்ணிற நூல்போன்ற பூஞ்சணம் படர்ந்திருந்தது. மலைநாட்டு நாடாக்களுக்கு இது வாய்த்த நோய். தாயகம் திரும்பி நீலகிரியிற் குடியேறிய நம் உறவினர் வீட்டு நாடாக்களுக்கும் இதே நிலைதான் என்று கேள்வியுறுகின்றோம். பூஞ்சணம் படர்ந்த நாடாவை அப்படியே இட்டால் அது தலைகளில் அப்பி, அடுத்து இடும் நாடாக்களுக்கும் பரவும்; சுவாசத்துக்கும் தீங்கானது. முகக்கவசம் அணிந்து, உலர்ந்த இடத்திற் சில நாள் வைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் அடைத்து முதலில் உலர்த்த வேண்டும். பின்னர் கூட்டின் அடியிலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை எடுத்து, விளிம்புகளை நூல் உதிராத மென்துணியால் துடைத்து, வேறொரு தூய கூட்டினுள் மாற்றினோம். உள்ளிருக்கும் சிறு விற்சுருள்களும் தடுப்புகளும் எந்த இடத்தில் எவ்வாறு இருந்தன என்பதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக் கொண்டது பேருதவியாயிற்று. புதிய கூட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் நாக்கை ஒடித்துவிடவும் மறந்தோமல்லோம். அது இல்லாத கசெட்டின்மேல் தவறியும் எவரும் பதிய இயலாது. ஆயின் நாக்கு ஒடிந்த கசெட்டைப் பல டெக்குகள் உட்சென்றவுடன் தாமே ஓடவிடத் தொடங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இவற்றையெல்லாம் ஆறுதலாகப் பிற்காலத்திற் செய்துகொள்ளலாம் என்று எண்ணுதற்கு இடமில்லை. உலகிலேயே வீ.எச்.எஸ். டெக்கை இறுதியாகச் செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனத்தார் 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்துடன் உற்பத்தியை நிறுத்திவிட்டனர். உதிரிப்பாகங்கள் பழைய பொறிகளிலிருந்தே கழற்றப்பட வேண்டியனவாயின. யுனெஸ்கோவின் திட்டமொன்றும், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாக்கள் எங்கெங்கு எஞ்சியுள்ளன என்பதை அறியும் முயற்சியை 2019 ஆம் ஆண்டில் மேற்கொண்டன. நாடா கெடுமுன்னரே அதை ஓட்டும் பொறிகள் அற்றுப்போகும் என்பது அவர்கள் விடுத்த எச்சரிக்கை. எனவே டெக்கு ஓடும் நாளிலேயே கணினிக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகம் போன்ற அமைப்புகள் இருப்பது நம் பேறு. கணினியோடு இணைக்காமல் 'ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்பு பிரதி எடுப்போம்' என்று ஓடவிடுவது கூடாது. நலிந்த நாடா அந்த ஒருமுறைக்கே தாங்கக் கூடும்.

மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, திரைப்படக் கசெட் ஐந்து முறை குறையின்றி ஏறி இறங்கியதைக் கண்டபின், உருளையைத் துடைத்து, கணினியை இணைத்து, ஆசிரியரின் நாடாவை இட்டோம். அம்மையார் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். தட்டிப் பார்க்கக் கேட்ட மாணவரே பொத்தானை அழுத்தினார். படத்தின் அடியில் வெண்கோடுகள் ஓடின, நிறங்கள் மங்கியிருந்தன, ஜெனரேட்டரின் இரைச்சல் பின்னே கேட்டுக்கொண்டேயிருந்தது. பதினேழாவது நிமிடத்தில் ஆசிரியர் மேடையேறி, ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு, தம் இயல்பான குரலிற் பேசத் தொடங்கினார். அவ்வுரை இருபத்திரண்டு நிமிடம் நிகழ்ந்தது. இடையில் இரண்டு இடங்களில் மட்டும் படம் அறுந்தது; குரல் அறவில்லை.

மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று அம்மையாரிடத்தும், ஒன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று கண்டியிலுள்ள பழைய மாணவர் ஒருவரிடத்தும் உள்ளன. மூல நாடா முற்றாகப் பின்சுற்றப்பட்டு, சிலிக்கா மணிகளோடு ஒரு பிஸ்கற் தகரத்தினுள் நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளது. டெக்கு இப்போது சங்க அறையிலே, சாமான் அறைக்குத் திரும்பாமல், இன்னும் பதினொரு கசெட்டுகளுக்காகக் காத்திருக்கின்றது.